யோகு பூக்குழி இறங்கிய வருஷம்

சாக்கில் எழுபத்தைந்து கிலோ என்று அச்சடித்திருந்தால் முத்துக்கருப்பன் நம்பமாட்டார். முதுகில் ஏற்றி நாலு எட்டு வைத்துப் பார்த்துவிட்டு, "குறையுது" என்பார். தராசில் போட்டால் குறையத்தான் செய்யும். புதுவயல் ரைஸ்மில்லில் காலம்பூராவும் மூட்டை சுமந்த மனுஷன். அச்சடித்ததை நம்பமாட்டார், மைக்கில் சொல்வதை நம்பமாட்டார், சட்டையை உள்ளே விட்டு பெல்ட் போட்டவன் பேச்சைக் காதிலேயே வாங்கமாட்டார். கண்டக்டர் இறங்கும்போது சில்லறை தருகிறேன் என்றால், உட்கார இடம் கிடந்தாலும் உட்காராமல் அவன் பையையே பார்த்துக்கொண்டு நிற்பார்.

அப்பேர்ப்பட்டவர் நம்பியது ஒன்று உண்டு என்றால் அது மகள் யோகலட்சுமியின் கால்.

அது கண்ணால் பார்த்து வந்த நம்பிக்கை. தாய்க்காரி சோலையம்மாள் அதே மில்லின் களத்தில் அவித்த நெல்லைக் காயப்போடுகிறவள். ஆவி பறக்கிற நெல்லைப் பரப்பி, வெறுங்காலால் வரிவரியாகச் சால் பிடித்துக் கிண்டிவிட்டு, சாயங்காலம் குவித்துத் தார்ப்பாய் மூடினால் அப்புறம் அந்தச் சிமெண்டுக் களம் முழுக்க யோகுக்குத்தான். லாரிக்காரப் பையன்கள் பந்தைக் கொண்டுவருவார்கள். திரும்பக் கொண்டுபோவதுதான் கஷ்டம். சிமெண்டில் விழுந்து முட்டி பெயராத நாள் இல்லை. காரைக்குடிப் பள்ளிக்கூடத்தில் டீமில் சேர்த்தார்கள். அங்கிருந்து விளையாட்டு ஹாஸ்டல், அப்புறம் காலேஜ், அப்புறம் ஸ்டேட். படிப்பு முடிந்ததும் கேரளாவில் ஒரு கிளப் சம்பளத்துக்கு எடுத்துக்கொண்டது. பந்தை உதைக்கிறதுக்கு யாராவது சம்பளம் கொடுப்பார்களா என்று ஊர் சிரித்தது. அடுத்த மழைக்கு முன்னால் வீட்டுக் கூரை ஓடெல்லாம் மாறியதைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டது.

கோல் போடுகிற ஆள் இல்லை யோகு. பின்னால் நின்று தடுக்கிற ஆள். வருகிறவளை மறிப்பது, பந்தைப் பிடுங்குவது, மற்றவர்களை இங்குட்டு நில்லு அங்குட்டு நில்லு என்று கத்தி விரட்டுவது. "ஓ மகளுக்குக் காலைவிட வாய் பெருசு மாமா" என்பான் அருள்பாண்டி. மில்லில் அவரோடு மூட்டை தூக்குகிறவன். யூடியூப்பில் ஆட்டம் வந்தால் அவன் போனில்தான் மொத்த மில்லும் பார்க்கும்.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் ஒரு ஆட்டத்தில் யோகு சறுக்கிப் பந்தைத் தட்டினாள். பந்து போய்விட்டது. வலது கால் மட்டும் புல்லில் குத்திக்கொண்டு, உடம்பு வேறு பக்கம் திரும்பிவிட்டது. அந்த முட்டி திரும்பியதை முத்துக்கருப்பன் அருள்பாண்டியின் போனில் பார்த்தார். அதற்குப் பிறகு அவர் அந்த போனைப் பார்க்கவே இல்லை. ஆட்டம் நடந்தால் லாரிக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொள்வார்.

கோயம்புத்தூரில் ஆபரேஷன். முட்டிக்குள் நரம்பு மாதிரி ஒன்று அறுந்துவிட்டதாம், தொடையிலிருந்து எடுத்து அங்கே வைத்துக் கட்டுவார்களாம். தொடையில் இருப்பது முட்டியில் எப்படி நிற்கும் என்று கேட்டார். டாக்டர் சிரித்து ஏதோ இங்கிலீஷில் சொல்லிவிட்டுப் போய்விட்டார். சிரித்ததிலேயே அவருக்கு நம்பிக்கை போய்விட்டது. ஆஸ்பத்திரி வாசலில் இறங்கி, ஊர் இருக்கிற திசை தோராயமாக எது என்று டீக்கடைக்காரனிடம் கேட்டு, அந்தப் பக்கம் திரும்பிக் கும்பிட்டுச் சொன்னார்:

"ஆத்தா, எம்புள்ள மறுபடி பந்து வெளாண்டான்னா அவள ஒனக்குப் பூக்குழி எறக்குறேன்."

அவர் ஊர் மாரியம்மன் கோயிலில் ஒரு நடைமுறை உண்டு. எது நோகிறதோ அதைக் கொண்டுதான் வேண்டிக்கொள்வது. கண்ணுக்குக் கண்மலர், வயிற்று வலிக்கு வயிற்றில் மாவிளக்கு, கைக்குத் தீச்சட்டி. காலுக்குப் பூக்குழி. வேறு எந்த ஊர்க்காரனாக இருந்தாலும் பந்து விளையாடுகிற காலை நெருப்பில் வைக்கிறேன் என்று வேண்டியிருக்கமாட்டான். முத்துக்கருப்பனுக்கு வேறு மாதிரி வேண்டத் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து சொன்னபோது சோலையம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். "வெள்ளியில ஒரு காலு செஞ்சு போடுறேன்னு சொல்லியிருக்கலாமுல்ல?"

"வெள்ளிக்காலு குடுத்தா வெள்ளிக்காலுதான்டி கெடைக்கும்."

யோகு எழுந்தாள். ஊன்றுகோலில் நடந்து, பிறகு கோல் இல்லாமல் நடந்து, வெள்ளாற்று மணலில் ஓடி, அழுது, ஒரு வருஷத்தைத் தின்றுவிட்டு மறுபடி கிளப்புக்குப் போனாள். இந்த சீசனில் ஆடவும் ஆரம்பித்தாள். பங்குனித் திருவிழாவுக்குக் காப்புக் கட்டினார்கள். வெளியூரில் பிழைக்கிறவர்களுக்காக வீட்டில் ஒருவர் காப்புக் கட்டி விரதம் இருக்கலாம் என்பது அங்கே வழக்கம். அவளுக்காக முத்துக்கருப்பன் கட்டிக்கொண்டார். கறி இல்லை, பீடி இல்லை, கட்டில் இல்லை. மகளுக்குப் போன் போட்டு, வெள்ளிக்கிழமை பூக்குழி, வந்துவிடு என்றார். எதற்கு என்று அப்போதுதான் சொன்னார். "வாரேன்ப்பா" என்று வைத்துவிட்டாள்.

வியாழக்கிழமை காலையில் வந்து இறங்கினாள். வந்தவளுக்குத் தினம் முட்டையும் கோழியும் தின்னச் சொல்லி கிளப்பில் உத்தரவாம். காப்புக் கட்டின வீட்டில் முட்டை ஓட்டைக்கூட உள்ளே விடமாட்டாள் சோலையம்மாள். உளுந்தங்களியைக் கிண்டி நடுவில் குழி பறித்து நல்லெண்ணெய் ஊற்றி, பக்கத்தில் அவித்த மொச்சையைக் குவித்து வைத்தாள். யோகு சம்மணம் போட்டு உட்கார்ந்து ஒட்ட வழித்துத் தின்றாள். முத்துக்கருப்பன் அவள் வலது முட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு நீளத் தழும்பு. அதற்குள்ளே என்ன இருக்கிறது, எது எதோடு கட்டியிருக்கிறது, யார் கண்டது.

சாப்பிட்டுக் கை கழுவுவதற்குள் போன் வந்தது. டீமில் காலுக்கும் கைக்கும் வைத்தியம் பார்க்கிற பெண், சத்தியப்பிரியா, நாகர்கோவில்காரி. அப்பாவிடம் கொடு என்றாள். யோகு ஸ்பீக்கரில் போட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் சாதாரண ஆட்டம் இல்லை என்றாள் சத்தியப்பிரியா. தோற்றால் கிளப் கீழ்ப் பிரிவுக்கு இறங்கிவிடும். அதைவிடப் பெரிசு, இந்தியா கேம்ப்புக்கு ஆள் எடுக்கிறவர்கள் யோகுவைப் பார்க்கவே வருகிறார்கள். ஆபரேஷன் ஆன காலை ஒரு தடவைதான் வந்து பார்ப்பார்கள், இரண்டாம் தடவை வரமாட்டார்கள்.

"ஒரே ஒரு கொப்புளம் போதும்ப்பா. பூட்ஸுக்குள்ள கால் போகாது. உங்க நம்பிக்கைய நான் குறை சொல்லல. அடுத்த வருஷம் செய்யுங்களேன்."

"நீங்க சொல்றது நாயந்தாம்மா" என்றார் முத்துக்கருப்பன். "ஆத்தாகிட்ட தவணை கேட்டு எனக்குப் பழக்கம் இல்லை."

சொல்லிவிட்டாரே தவிர, வீட்டுக்குள் இருக்க முடியவில்லை. களத்து வேப்பமரத்தடியில் போய் நின்றார். மகள் பின்னாலேயே வந்தாள். அவர் மகளிடம் சொன்னது இதுதான்: நீ இறங்க வேண்டாம். இப்பவே பஸ் ஏறு. ஆத்தா என்ன செய்தாலும் எனக்குச் செய்துகொள்ளட்டும்.

"நீக ஆத்தாள நம்பலையா?"

"ஆத்தாள நம்புறேன். நெருப்ப நம்பமாட்டேன். வெறகு வாங்குனது யாரு, கமிட்டித் தலைவரு பூமிநாதன். புளியங்கட்டை போடுறேன்னுட்டுக் கருவேலங்கட்டைய எறக்கி வச்சிருக்கான். அந்தக் கங்கு லேசுல அணையாது."

யோகு சொன்னாள்: "நான் எறங்குறேன்ப்பா. முட்டி சரியானது டாக்டராலயா ஆத்தாளாலயான்னு எனக்குத் தெரியாது. ஆனா நீக சொல்லிப்புட்டீக. நேர்த்தியக் கட்டாமப் போனா, ஒவ்வொரு தடவையும் கால நீட்டுறப்ப அந்த நெனப்பு வரும். நெனச்சுக்கிட்டே கால நீட்டுனா கால் போயிரும்ப்பா. போன தடவையும் அப்படித்தான் போச்சு. அன்னைக்கி நான் வேற எதையோ நெனச்சுக்கிட்டிருந்தேன்."

முத்துக்கருப்பன் கணக்குப் போட்டுப் பார்த்தார். இறங்கினால் தோல் போகும். இறங்காவிட்டால் தைரியம் போகும். எது போனாலும் ஞாயிற்றுக்கிழமை போனதுதான். தன் வாயால் மகளை இப்படி ஒரு முட்டுச்சந்தில் கொண்டுவந்து நிறுத்தியாயிற்று.

வெள்ளிக்கிழமை காலையில் குழி வெட்டி விறகு அடுக்கினார்கள். முத்துக்கருப்பன் போய்க் குச்சியால் குத்திக் குத்திப் பார்த்தார். பூமிநாதன் அங்கேதான் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். திருவிழாக் கமிட்டித் தலைவர், ஊர்ப் பெரியதனம் பார்க்கிற அம்பலம், பங்காளி முறையில் அண்ணன். மகளுக்குப் பதிலாகத் தான் இறங்கலாமா என்று முத்துக்கருப்பன் கேட்டார்.

"நீயி ஒன்னைய எறக்குறேன்னா வேண்டுன? பிள்ளைய எறக்குறேன்னுதானே வேண்டுன. கடன் யாரு பேருல இருக்கோ அவுகதான் கட்டணும்."

"எங்காலும் காலுதான அண்ணே."

"ஓங்காலுல என்னய்யா நோவு?"

கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். சோலையம்மாளுக்கு ஆத்திரம் பொங்கிவிட்டது. குலவை போட வந்து நின்ற பெண்களை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். புருஷனைப் பார்த்துத்தான் கத்தினாள்.

"ஊரான் மூட்டையெல்லாம் முதுகுல ஏத்தத் தெரியுதுல்ல? பெத்ததையும் ஏத்திக்கிட்டு எறங்க வேண்டியதுதானே. கைப்பிள்ளையத் தூக்கிட்டு ஒவ்வொருத்தரும் எறங்குறாகளா இல்லையா?"

வசவாகத்தான் சொன்னாள். சொல்லி முடித்ததும் அவளே வாயைப் பொத்திக்கொண்டாள். யோகு முதலில் சிரித்தாள். அப்புறம் அப்பாவைப் பார்த்தாள். அவர் பூமிநாதனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அம்மை போட்ட குழந்தைகளைத் தகப்பன் தூக்கிக்கொண்டு இறங்குவது அங்கே உள்ளதுதான். ஆனால் இது இருபத்துநாலு வயசு, அப்பாவைவிட உயரம். நடக்காத காரியம் என்றார் பூமிநாதன், கைப்பிள்ளையைத்தான் தூக்கலாம்.

"போன வருசம் ஒங்க மருமகன் ஒம்பது வயசுப் பிள்ளையத் தூக்கிக்கிட்டுப் போனாகல்ல. அது கைப்பிள்ளையா?"

"அது பிள்ளைதானய்யா."

"ஒம்பதுக்கும் இருவத்துநாலுக்கும் நடுவுல கோடு எங்க அண்ணே கிழிச்சிருக்கீக? காட்டுங்க, நான் அங்குட்டே நின்னுக்கிறேன்."

கூட்டம் இப்போது முத்துக்கருப்பன் பக்கம் சிரித்தது. கல்யாணம் ஆகிற வரைக்கும் பிள்ளை பிள்ளைதான் என்று ஒரு கிழவர் சொன்னார். தூக்கிக்கொண்டு விழுந்தால் ரெண்டு பேரும் போய்ச் சேருவார்கள் என்றார் இன்னொருவர். பூமிநாதன் வழி தெரியாமல், ஆத்தாளையே கேட்டுவிடுவோம் என்று எழுந்தார். வெள்ளைப் பூவும் சிவப்புப் பூவும் தனித்தனி இலைப் பொட்டலமாகக் கட்டி சந்நிதியில் போட்டார்கள். வெள்ளை வந்தால் உத்தரவு, சிவப்பு வந்தால் இல்லை. யார் வீட்டுக் குழந்தையோ, தவழ்ந்து போய் ஒன்றை எடுத்தது. பூசாரி பிரித்தார். வெள்ளை நந்தியாவட்டை.

பெண்கள் குலவை போட்டுவிட்டார்கள். முத்துக்கருப்பன் கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னார். இன்னொரு பொட்டலத்தையும் பிரியுங்கள் என்றார்.

"ஏய்யா, ஒனக்குச் சாதகமாத்தானய்யா வந்திருக்கு" என்றார் பூமிநாதன்.

"ரெண்டும் வெள்ளையா இருந்தா அது ஆத்தா உத்தரவு இல்லையே."

பிரித்தார்கள். செவ்வரளி. முத்துக்கருப்பன் இரண்டையும் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

சாயங்காலம் வெயில் தாழ்ந்தபோது குழி பழுத்துக் கிடந்தது. விசிறி விட்டுச் சாம்பலை ஊதத் தகதகவென்று கண்ணைக் கூசவைத்தது. ஓரத்தில் நிற்க முடியவில்லை. பறைமேளம் காதைப் பிளந்தது. கரகம் எடுத்த சாமியாடி முதலில் இறங்கிப் போனார். காப்புக் கட்டியவர்கள் மஞ்சள் வேட்டியும் மஞ்சள் சேலையுமாக ஒவ்வொருவராக ஓடினார்கள். ஓடுகிறவர்களுக்குப் பாரம் இல்லை. கால் பட்டும் படாமலும் போய்விடும். பாரத்தோடு இறங்குகிறவனுக்குக் கால் கங்குக்குள் புதையும். அது முத்துக்கருப்பனுக்குத் தெரியும். சொல்லவில்லை.

குனிந்து நின்றார். மஞ்சள் சுடிதாரைத் தூக்கிச் செருகிக்கொண்டு யோகு உப்புமூட்டை ஏறினாள். கழுத்தைச் சுற்றிக் கை, இடுப்பைச் சுற்றிக் கால். பாதம் தொங்கிவிடக்கூடாது என்று முட்டியை மடக்கி இறுக்கினாள். அருள்பாண்டி குழி ஓரத்தில் கூடவே ஓட வேட்டியை மடித்துக் கட்டினான்.

"ஓடாதீக" என்றாள் யோகு காதுக்குள். "ஓடுனாத் தடுக்கும். அந்தப் பக்கம் பால் ஊத்தி வச்சிருக்காகல்ல, அதை மட்டும் பாருங்க. காலைப் பாக்காதீக."

"நீ சும்மா இருத்தா."

"சும்மா இருக்க மாட்டேன். போங்க."

இறங்கிவிட்டார்.

லாரியில் சாய்த்த பலகைமேல் மூட்டையோடு ஏறுகிறவனுக்கு ஒரு நடை உண்டு. பலகை வில் மாதிரி ஆடும். நின்றால் தள்ளிவிடும், ஓடினால் தூக்கிவிடும். பாதத்தைத் தட்டையாகப் பதித்து, பலகை எழும்புகிறபோது காலை எடுத்து, அது தாழ்கிறபோது வைத்து, குட்டிக் குட்டி எட்டாகப் போகவேண்டும். அந்த நடையைத்தான் நடந்தார். முதல் எட்டில் சூடே தெரியவில்லை. அடுத்ததில் தெரிந்தது. அதற்கடுத்ததில் உள்ளங்காலில் ஆயிரம் முள்ளை ஒன்றாகக் கட்டி அடித்த மாதிரி இருந்தது. நடுக்குழிக்கு வந்தபோது வலது காலுக்கு அடியில் ஒரு முழுக்கட்டை உருண்டது. பூமிநாதன் வாங்கின கருவேலங்கட்டை. உடம்பு சாய்ந்தது. கரையில் இருந்தவர்கள் அய்யோ என்றார்கள்.

யோகு கத்தினாள். மைதானத்தில் கத்துகிற அதே கத்தல். "நேரே, நேரே, விடாதீக, எடது கால் போடுங்க, போடுங்க!"

கத்தியதோடு, தானும் மறுபக்கம் சாய்ந்து பாரத்தை மாற்றிக்கொடுத்தாள். அப்போதுதான் அவர் விலாவில் அது தெரிந்தது. அவளுடைய வலது முட்டி. இடுக்கி மாதிரிப் பிடித்திருந்தது. எலும்பு நொறுங்கிவிடுமோ என்று பயப்படுகிற பிடி. ஒரு ஆட்டம் இல்லை, ஒரு நெகிழ்வு இல்லை. டாக்டர் சொல்லி நம்பாதது, ஊர் சொல்லி நம்பாதது, கண்ணால் அவள் நடப்பதைப் பார்த்தும் நம்பாதது. இப்போது விலா எலும்பு சொன்னது. முத்துக்கருப்பன் இடது காலைப் போட்டார். அடுத்த காலைப் போட்டார். அப்புறம் அவருக்குக் குழி எங்கே முடிந்தது என்றே தெரியவில்லை. கால் பால்பள்ளத்தில் விழுந்து குளிர்ந்தபோதும் நடந்துகொண்டே இருந்தார். அருள்பாண்டி முன்னால் வந்து கட்டிப்பிடித்து நிறுத்தினான்.

குலவைச் சத்தத்தில் மேளம் கேட்கவில்லை. யோகு இறங்கி முதல் வேலையாகத் தன் பாதத்தைப் பார்க்கவில்லை, அவர் பாதத்தைத்தான் தூக்கிப் பார்த்தாள். பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்தாள்.

"என்னத்தா, வாய் மூடிருச்சு?" என்றார். "கெளம்பு. திருச்சிக்குப் போயி ரயிலப் பிடிக்கணும்ல."

பூமிநாதன் திருநீறு கொண்டுவந்து அப்பன் நெற்றியிலும் மகள் நெற்றியிலும் பூசினார். அவருக்கும் கண் கலங்கித்தான் இருந்தது. கட்டை எது என்று இப்போது கேட்க வேண்டாம் என்று முத்துக்கருப்பன் விட்டுவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மில்லில் தஞ்சாவூருக்கு லோடு ஏற்றுகிற நாள். இரண்டு பாதத்திலும் மஞ்சளும் வேப்பெண்ணெயும் குழைத்துப் பூசி, வாழை இலை சுற்றிக் கட்டியிருந்தாள் சோலையம்மாள். மூட்டை தூக்கமுடியாது. வீட்டிலும் இருக்கமுடியாது. அருள்பாண்டி பைக்கில் கொண்டுவந்து தவிட்டு மூட்டைமேல் உட்கார வைத்தான். ஆட்டம் தொடங்கியதும் தார்ப்பாய் ஓரத்தில் போனைச் சாய்த்து வைத்தார்கள். லோடுமேன்கள், களத்துப் பொம்பளைகள், லாரி டிரைவர், கொதிகலனுக்கு உமி தள்ளுகிறவன் என்று எல்லாரும் குந்திவிட்டார்கள். மாமா லாரிக்கு அங்குட்டுப் போகணுமா என்று அருள்பாண்டி கேட்டான்.

"நடக்க முடிஞ்சாப் போவேன். திருப்பு இங்குட்டு."

ஆபரேஷனுக்கு அப்புறம் மகள் ஆடுவதை முதல்முறையாக அன்றுதான் பார்த்தார். எதிர் டீமில் ஒருத்தி காற்றாகப் பறந்தாள். அவளை யோகு விடவே இல்லை. பந்து வருகிற இடத்துக்கு முன்னாலேயே போய் நின்றாள். சத்தம் கேட்காவிட்டாலும் வாய் ஓயவில்லை என்பது தெரிந்தது. பாதி ஆட்டத்துக்கு மேல் அவள் டீமில் ஒருத்தி கோல் போட்டாள். களத்துப் பொம்பளைகள் போட்ட குலவையில் வேப்பமரத்துக் காக்கையெல்லாம் எழும்பிவிட்டது. அதன் பிறகு எதிர் டீம் மொத்தமும் யோகு பக்கமே வந்து விழுந்தது. சோலையம்மாள் முந்தானையை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தாள்.

ஆட்டம் முடியப்போகிற நேரம். அந்தக் காற்று மாதிரிப் பறக்கிறவள் எல்லாரையும் தாண்டிவிட்டாள். அவளுக்கும் கோலுக்கும் நடுவில் யோகு மட்டும். யோகு சறுக்கினாள். வலது காலை நீட்டிச் சறுக்கினாள். இரண்டு பேரும் உருண்டார்கள்.

படம் நின்றுவிட்டது.

யோகு புல்லில் கிடக்கிறாள். வலது கால் நீண்டிருக்கிறது. நடுவில் அந்த வெள்ளை வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. அருள்பாண்டி போனைத் தூக்கி ஆட்டினான், டவர் பக்கம் ஓடினான், நெட்டைத் திட்டினான். சோலையம்மாள் எழுந்து, "ஏங்க, அதே காலுங்க" என்றாள். கொதிகலன்காரன் உமி தள்ள மறந்து நின்றான்.

முத்துக்கருப்பன் தவிட்டு மூட்டையில் சாய்ந்து உட்கார்ந்தார்.

"லாரி நிக்குதுடா" என்றார். "ஏத்துங்க. அவ எந்திரிச்சிருப்பா."

"படமே வரலையே மாமா. ஒனக்கு எப்படித் தெரியும்?"

"எந்திரிச்சிருப்பாங்குறேன்ல. போயி மூட்டையத் தூக்கு."

யாரும் தூக்கவில்லை. அருள்பாண்டி களத்து நடுவில் கையை மேலே தூக்கிப் போனைப் பிடித்தபடி நின்றான். வட்டம் சுற்றியது, நின்றது, மறுபடி சுற்றியது. பிறகு படம் ஒரு குலுக்குக் குலுக்கிக்கொண்டு ஓடத் தொடங்கியது. யோகு விழுந்த இடத்தில் புல் மட்டும் இருந்தது. பந்து மைதானத்தின் அடுத்த கோடியில் இருந்தது. திரையின் ஓரத்தில், பாதி தெரிந்தும் தெரியாமலும், அவள் யாரையோ கையை நீட்டி முன்னே போகச் சொல்லிக் கத்திக்கொண்டு ஓடினாள்.